பொலிஸ்காரர் ஒருவர் கரைச்சல் தந்தால்: வன்னியில் எந்தக் கதவை முதலில் தட்டுவது?

"அக்கா, ஓ.ஐ.சியிட்டப் போய்ச் சொல்லுறதோ, இல்லாட்டி மனித உரிமைக்கு எழுதுறதோ?"

ஓ.ஐ.சி என்றால் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, மனித உரிமை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. இந்தக் கேள்வி எனக்கு இரவில்தான் வரும். பிள்ளைகள் படுத்த பிறகு, குரலைத் தாழ்த்தி. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், கந்தோர்களுக்குக் கூடப் போவதுமாக எனக்குப் பல வருசம் போய்விட்டது. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் எந்தக் கடிதம் எந்த மேசையில் தங்கியது, எது ஆளை அசைத்தது, எது எழுதியவளையே தனியே நிற்க வைத்தது என்று கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

இங்கே நான் பேசுவது ஒரு குறிப்பிட்ட உத்தியோகத்தர் ஒரு குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்துத் தருகிற தொந்தரவைப் பற்றி. இரவில் அழைப்பு எடுப்பது, வட்ஸ்அப்பில் படம் அனுப்புவது, கடைக்கு வந்து மணிக்கணக்காகக் குந்தியிருப்பது, ஒரே மோட்டார் சைக்கிளை ஒவ்வொரு நாளும் மறிப்பது, காணிப் பிரச்சினையில் மற்றப் பக்கத்துக்காக வந்து வெருட்டுவது, "சும்மா ஒரு விசாரணை, ஸ்டேசனுக்கு வந்திட்டுப் போ" என்று போனிலேயே கூப்பிடுவது. அடி, சித்திரவதை என்றால் அது வேறு கட்டம். அதற்கு இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம்: அன்றைக்கே ஆஸ்பத்திரி, அன்றைக்கே சட்டத்தரணி.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே போகிற ஒரு ஊர். அங்கே சின்னக் கடை வைத்திருக்கிற ஒரு தங்கச்சி. கணவர் 2009 இல் இருந்து இல்லை. அடையாள அட்டை தொலைந்து, பொலிஸ் என்றி போடப் போயிருக்கிறா. புத்தகத்தில் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதினார்கள். மூன்றாம் நாள் இரவு ஒரு அழைப்பு: "ஐடென்டிரி காட் கிடைச்சிட்டுதோ?" நல்ல மனுசன் என்றுதான் முதலில் நினைத்தாவாம். அடையாளம் தெரியாமல் சில விபரங்களை மாற்றி, அவவின் கதையை இந்தக் கட்டுரை முழுக்கக் கூடக் கொண்டு வருகிறேன். ஏனென்றால் வன்னியில் இது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. நாங்கள் உதவி கேட்டுப் போகிற இடத்தில், எங்கள் நம்பரை நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

## எதை வைத்து அளப்பது

எந்தக் கதவு பெரியது என்று பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். கீழே உள்ளவற்றை வைத்து அளந்து பாருங்கள்.

நாள். இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறல் வழக்கைச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். ஒரு மாதம் மட்டும்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்திருந்தால், ஆணைக்குழுவின் விசாரணை நடக்கிற காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. ஊருக்குள் "பேசிப் பாப்பம்" என்று போகிற நாட்களுக்கு அப்படி ஒரு சலுகையும் இல்லை. அவை எரிந்து முடிந்த நாட்கள்.

அவருக்கு எப்போது தெரியவரும். முறைப்பாடு போன விசயம் உங்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு வருமுன் அவர் காதுக்குப் போகுமா, பிறகா?

கையில் என்ன கடதாசி எஞ்சும். நாளைக்கு அவர் திரும்பவும் தொடங்கினால் காட்டுவதற்கு.

மொழி, தூரம், காசு. எங்கள் ஊர்களில் இருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். கிளிநொச்சியில் இருந்து வவுனியா எழுபது, எழுபத்தைந்து. கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள் கூலியும் பஸ் காசும் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆளும்.

அவர் சீருடையோடு, பதவியை வைத்துச் செய்தாரா, வெறும் தனி ஆளாகவா. மனித உரிமை ஆணைக்குழுவும் உயர் நீதிமன்றமும் நிர்வாகச் செயலால் வந்த உரிமை மீறலைத்தான் பார்க்கும். முறைப்பாட்டுப் புத்தகத்தில் இருந்து நம்பர் எடுத்தார், சீருடையில் வந்தார், "கேஸ் போடுவன்" என்று வெருட்டினார் என்றால் அவர் பதவியைப் பாவித்திருக்கிறார். அவர் உங்கள் அயலவர், வேலிச் சண்டை, பொலிஸ் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இடையில் வரவில்லை என்றால் அந்த இரண்டு கதவும் திறப்பது கடினம். சாதாரணக் குற்றவியல் வழிதான்.

## ஒரு பார்வையில்

| வழி | பலன் வரும் வேகம் | செலவு | கையில் எஞ்சுவது | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| ஒதுங்கிப் போவது | உடனடி, அரைகுறை | இல்லை | ஒன்றுமில்லை | ஒரு மாதம் கழிந்துவிடும் |
| ஓ.ஐ.சியிடம் வாய்மொழி | சில நாள் | இல்லை | பெரும்பாலும் ஒன்றுமில்லை | அவருக்கு அன்றைக்கே தெரியும் |
| மேலதிகாரிகளுக்கு (ஏ.எஸ்.பி, டீ.ஐ.ஜி) எழுத்தில் | ஓரிரு வாரம் | பதிவுத் தபால் | பிரதி, தபால் பற்றுச்சீட்டு | இடமாற்றத்தோடு முடிந்துவிடும் |
| தேசிய பொலிஸ் ஆணைக்குழு | மாதங்கள் | இல்லை | முறைப்பாட்டு இலக்கம் | விசாரிப்பது பல தடவை பொலிஸ்தான் |
| மனித உரிமைகள் ஆணைக்குழு | வாரங்கள், மாதங்கள் | பயணம் | இலக்கம், ஒரு மாத எல்லைக்குப் பாதுகாப்பு | பரிந்துரை மட்டும்தான் |
| லஞ்ச ஆணைக்குழு | சில வேளை மிக வேகம் | இல்லை | இலக்கம் | ஆதாரம் கேட்பார்கள், சாட்சி சொல்ல வேண்டும் |
| நீதவான் நீதிமன்றம் | நீளும் | சட்டத்தரணி | வழக்கு இலக்கம் | ஊருக்குத் தெரியும் |
| உயர் நீதிமன்றம் | வருடங்கள் | அதிகம் | தீர்ப்பு | கொழும்பு, மொழி, களைப்பு |

## ஒதுங்கிப் போவது

நம்பரை மாற்றுவது, பாதையை மாற்றுவது, கடையை நேரத்தோடு பூட்டுவது, தம்பியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருப்பது. இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். வீட்டில் ஆண்துணை இல்லாத, பொம்பிளைப் பிள்ளை வளருகிற வீட்டில், முதல் கேள்வி இன்றிரவு நித்திரை கொள்ளலாமா என்பதுதான்.

இது சரியான தெரிவாக இருக்கிற இடமும் உண்டு. ஒன்று, இரண்டு அழைப்போடு நிற்கிறது, அவருக்கு வீடு தெரியாது, நீங்கள் அந்த நிலையத்துக்குத் திரும்பப் போகத் தேவையில்லை என்றால் நம்பரைத் தடுத்துவிட்டு இருக்கலாம். ஆனால் சிம்மை எறிந்துவிடாதீர்கள். அந்தச் சிம்மிலும் அந்த போனிலும்தான் அழைப்பு வந்த பதிவு இருக்கிறது. எறிந்தபிறகு வந்து "அக்கா, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்" என்று அழுதவர்கள் எத்தனையோ பேர்.

## ஊருக்குள் பேசுவதும் ஓ.ஐ.சியும்

விதானையார், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், கோயில் ஐயா, பங்குத்தந்தை. இவர்களில் ஒருவர் பொறுப்பதிகாரியோடு கதைக்கக் கூடியவராக இருப்பார். வன்னியில் பத்துப் பிரச்சினை வந்தால் ஏழெட்டு இந்த வழியால்தான் முதலில் போகும். இது சும்மா இல்லை. நல்ல பொறுப்பதிகாரி என்றால் ஒரே நாளில் அடங்கிவிடும், நான் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் வைத்து, "இனி அந்தக் கடைப் பக்கம் உன்னைக் காணக்கூடாது" என்று சொல்லி அனுப்பிய ஒருவரும் இருந்தார்.

நான் சொன்ன தங்கச்சியும் அப்படித்தான் தொடங்கினா. விதானையார் கதைத்தார். "நான் பாத்துக்கொள்ளுறன்" என்று பதில் வந்தது. பத்து நாள் சத்தமில்லை. பதினோராம் நாள் அவர் கடைக்கே வந்தார், சீருடையோடு. ஒரு சோடா வாங்கி, காசை மேசையில் வைத்து, கையை எடுக்காமல் அந்தக் காசுக்கு மேலேயே வைத்துக்கொண்டு கேட்டாராம்: "பெரிய ஆக்களிட்ட எல்லாம் சொல்லியிருக்கிறீர் போல?" காசை எடுக்க வேண்டுமென்றால் அவர் கையைத் தொட வேண்டும். அவ எடுக்கவில்லை. மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாவாம்.

வாய்மொழியின் விலை இதுதான். அவருக்கு எல்லாம் தெரியும், உங்கள் கையில் ஒன்றும் இல்லை. விதானையாரிடம் கேட்டால் "நான் சொன்னனான் பிள்ளை" என்பார், அதுவும் உண்மை. பொறுப்பதிகாரி இடம் மாறிப் போனால் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும்.

போவதென்றால் இப்படிப் போங்கள். தனியே போகவேண்டாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். பொறுப்பதிகாரியைச் சந்தித்த பிறகு வாக்குமூலம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவுப்படி, வாய்மொழியாகக் கொடுக்கிற தகவலை எழுத்தில் எடுத்து, கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்க வேண்டும். எங்கள் நிலையங்களில் நடப்பது என்ன? சிங்களத்தில் எழுதி, புத்தகத்தைத் திருப்பி, கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அந்தத் தங்கச்சி இன்னொரு நாள் செய்த வேலையை எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். பேனையை வாங்கி, கையெழுத்துக்கு மேலே தமிழில் எழுதினா: "எனக்கு வாசித்துக் காட்டவில்லை. எனக்குச் சிங்களம் தெரியாது." அதற்குக் கீழே கையெழுத்து. எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட எழும்பிப் போனார். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. அதைக் கேட்பது தயவு கேட்பது இல்லை.

## மேலதிகாரிக்கு எழுத்தில்

ஓ.ஐ.சிக்கு மேலே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் (ஏ.எஸ்.பி), அதற்கு மேலே மாவட்டத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட அத்தியட்சகர், பிறகு பிரதிப் பொலிஸ் மா அதிபர் (டீ.ஐ.ஜி). தொந்தரவு தருகிறவர் சாதாரண கொஸ்தாப்பலாகவோ சார்ஜன்டாகவோ இருந்தால், வேகத்துக்கு இந்த வழியை விட நல்லது எனக்குத் தெரியாது. தமிழில் ஒரு பக்கக் கடிதம், பதிவுத் தபால், கீழே "பிரதிகள்" என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவும் பொலிஸ் ஆணைக்குழுவும். பிரதி போகிறது என்ற அந்த இரண்டு வரிதான் கடிதத்துக்குக் கனம் தருகிறது.

பாலியல் ரீதியான தொந்தரவு என்றால் அதே நிலையத்தின் பெண்கள், சிறுவர் மேசையில் போய் இருக்காதீர்கள். அங்கே இருக்கிற பெண் உத்தியோகத்தர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவரும் அந்த மனிதரோடு ஒரே கன்டீனில் சாப்பிடுகிறவர். மாவட்ட மட்டத்துப் பெண்கள், சிறுவர் பணியகத்துக்குப் போங்கள், அல்லது அந்தப் பணியகத்தின் 109 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். பொலிஸுக்கு வெளியே ஒரு குரல் வேண்டுமென்றால் மகளிர் அமைச்சின் 1938 என்ற இலக்கம்.

இந்த வழியின் மறைந்த விலை இடமாற்றம். பெரும்பாலும் அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். உங்களுக்கு நிம்மதி கிடைக்கும். அடுத்த ஊரில் அவர் இன்னொரு முறைப்பாட்டுப் புத்தகத்துக்கு முன்னால் இருப்பார். உங்களுக்கு அந்த நிம்மதி போதும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்காக உங்களைக் குறை சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. ஆனால் கடிதத்தில் "ஒழுக்காற்று விசாரணை நடத்தி முடிவை எனக்கு எழுத்தில் அறிவிக்கவும்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம்: என் கடிதம் கிடைத்த திகதி என்ன, விசாரித்தவர் யார், முடிவு என்ன? 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். இந்த ஒரு பக்க விண்ணப்பம் தூங்கிக்கொண்டிருந்த கோப்பை எழுப்பியதைக் கண்டிருக்கிறேன்.

## தேசிய பொலிஸ் ஆணைக்குழு

2001 இல் 17 ஆம் திருத்தத்தோடு வந்தது. பொலிஸுக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாடுகளை விசாரிக்க ஒழுங்குசெய்ய வேண்டிய கடமை அரசியலமைப்பிலேயே அதற்கு இருக்கிறது. 1960 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், எழுத்திலும் அனுப்பலாம், காசு இல்லை.

பெயரைக் கேட்டால் இதுதான் சரியான இடம் போல இருக்கும். ஒழுக்காற்று நடவடிக்கை வேண்டும், அவர் பதவி உயர்வுக்கு நிற்கும்போது இந்தக் கோப்பு அவர் பெயரில் கிடக்க வேண்டும் என்றால் சரியான இடமும்தான். ஆனால் அவசரத்துக்கு இல்லை. பல முறைப்பாடுகள் விசாரணைக்காகத் திரும்பவும் பொலிஸ் மேலதிகாரிகளுக்கே வருகின்றன. அப்படி வந்து, ஏ.எஸ்.பி கந்தோரில் "சமாதானமாப் போங்கோ" என்று கடதாசியை நீட்டினால், உடனே கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அந்தக் கடதாசியில் "முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன்" என்று ஒரு வரி இருக்கும்.

## மனித உரிமைகள் ஆணைக்குழு

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் போடச் சொல்வது இந்தக் கடிதத்தைத்தான். வேறு எந்த வழியில் போனாலும் இதைப் பக்கத்தில் வையுங்கள்.

வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. தமிழில் எழுதலாம், தமிழில் பேசலாம். 1996 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்று இல்லை, அவர் சார்பில் இன்னொருவரும் முறையிடலாம். புனர்வாழ்வு பெற்று வந்தவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கும் இது பெரிய விசயம். அவர்களுக்கு வருகிற தொந்தரவு பெரும்பாலும் "விசாரணை" என்ற பெயரில் வரும். எழுத்தில் அழைப்பு இல்லை, காரணம் இல்லை, "பின்னேரம் வா". அப்படி என்றால் போகுமுன் ஆணைக்குழுவுக்குச் சொல்லிவிட்டு, சட்டத்தரணியோடு போங்கள். கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் முன்னிலையாவதற்கு 2012 இல் வர்த்தமானியில் வந்த விதிகள் இருக்கின்றன.

குறையையும் சொல்ல வேண்டும். ஆணைக்குழு தண்டிக்காது. பரிந்துரைக்கும். பரிந்துரையை மதிக்காவிட்டால் சனாதிபதிக்கு அறிக்கை அனுப்பலாம், அது பாராளுமன்றத்துக்குப் போகும், அவ்வளவுதான். இன்னொன்று, கடிதம் போட்டால் மட்டும் நாட்கணக்கு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ஆணைக்குழுவில் உண்மையிலேயே விசாரணை நடந்துகொண்டிருந்தது என்று காட்டும்படி உயர் நீதிமன்றம் கேட்டிருக்கிறது. முறைப்பாட்டு இலக்கம், அவர்கள் அனுப்பிய கடிதங்கள், நீங்கள் போன திகதிகள் எல்லாம் கையில் வேண்டும். கடிதம் போட்டுவிட்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகும்.

தொந்தரவு தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்தில் இருந்து எண்ணலாம் என்று ஒரு சட்டத்தரணி வாதாடக்கூடும். அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். முதல் சம்பவத் திகதியில் இருந்தே எண்ணுங்கள்.

அந்தத் தங்கச்சி என்னிடம் வந்தது கடைச் சம்பவத்துக்குப் பிறகு, முதல் அழைப்பில் இருந்து 26 ஆம் நாள். மகளின் சீ.ஆர். கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தா. கணக்குப் பாடத்துக்குப் பின்பக்கம் இருந்து தலைகீழாக எழுதியிருந்தது. பென்சிலால்: "9.40 மூன்று தரம். எடுக்கேல்ல." "10.15 மெசேஜ், சாப்பிட்டாச்சோ." "இண்டைக்கு ஒண்டும் இல்லை." ஒன்றும் நடக்காத நாட்களையும் எழுதி வைத்திருந்தா. அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கொப்பிதான் கடிதத்தை அரை மணித்தியாலத்தில் எழுத வைத்தது. 27 ஆம் நாள் காலை பதிவுத் தபாலில் போட்டோம்.

## லஞ்ச ஆணைக்குழு

பலருக்கு இந்த வழி ஞாபகம் வருவதே இல்லை. உங்கள் வேலையைச் செய்து தருவதற்கோ, வழக்குப் போடாமல் விடுவதற்கோ அவர் எதையாவது கேட்கிறார் என்றால் அது வெறும் சேட்டை இல்லை, லஞ்சம். காசு மட்டுமல்ல. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் சலுகை கேட்பதையும் லஞ்சமாக ஏற்கிறது. "நீ ஒருக்கா வந்தா அந்தக் கேஸை நான் பாக்கிறன்" என்ற வசனம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. இலக்கம் 1954.

இது கொழும்பில் இருந்து இயங்குவதால் உள்ளூர் நிலையத்துக்குத் தெரியாமல் விசயம் நகரும். அவருக்குத் தெரியுமுன் ஏதாவது நடக்கச் சாத்தியமுள்ள வழி இதுதான். ஆனால் கேட்ட பிறகு, கொடுக்குமுன் எடுக்க வேண்டும். கொடுத்தவரும் குற்றவாளியாகலாம். பிறகு வழக்கு வந்தால் நீங்கள் கூண்டில் ஏறி அவர் சொன்ன வசனத்தைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு மனம் தயாரா என்று முதலிலேயே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொய் முறைப்பாட்டுக்கும் அந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு, ஆகவே நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.

## நீதிமன்றங்கள்

பொலிஸ் முறைப்பாட்டை ஏற்கவே மறுத்தால், குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 136(1)(அ) பிரிவின் கீழ் நேரடியாக நீதவானிடம் முறையிடலாம். பாலியல் துன்புறுத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தத்தோடு வந்தது. ஐந்து வருடம் வரை சிறை. அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ வேறு எந்த இடத்திலோ சொல்லாலோ செயலாலோ விரும்பாத பாலியல் அணுகுமுறை செய்தால் அது குற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. தொட்டால்தான் குற்றம் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது பிழை. இதற்கு அந்த ஒரு மாத எல்லையும் இல்லை.

வன்னி நீதிமன்றங்கள் தமிழில் நடப்பது பெரிய வாய்ப்பு. விலை என்னவென்றால் திறந்த நீதிமன்றம், ஊர்ச் சனம், தவணை தவணையாக நாட்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையைக் கேளுங்கள். சாட்சியை வெருட்டுவது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். அவர் அல்லது அவர் அனுப்பிய ஆள் வந்து "கேஸை வாபஸ் வாங்கு" என்றால் அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

உயர் நீதிமன்ற வழக்கு அரசியலமைப்பின்படி இரண்டு மாதத்தில் முடிய வேண்டும், நடைமுறையில் வருடங்கள் எடுக்கும். உயர் நீதிமன்றம் இருக்கிற கொழும்பு புதுக்கடையில் உங்களுக்காகப் பேசும் சட்டத்தரணி சொல்வது உங்களுக்கு விளங்காது, அடுத்த தவணை எப்போது என்பதைக்கூட இன்னொருவரைக் கேட்க வேண்டும். ஆனால் உத்தியோகத்தரே தன் சொந்தக் காசில் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லக் கூடிய இடமும் அதுதான். சட்டவிரோதமாக அடைத்து வைத்தது, பொய் வழக்குப் போட்டது என்ற அளவுக்குப் போயிருந்தால் மட்டும் இந்தப் பயணம் அதன் செலவுக்கு ஈடாகும் என்பது என் எண்ணம்.

## முகநூலும் அரசியல்வாதியும்

வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் டீ.ஐ.ஜிக்கு எடுத்தால் அன்றைக்கே ஏதாவது நடக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர், கடை, ஊர் எல்லாம் பகிர்வோடு பகிர்வாகப் போகும். அதைத் திரும்ப எடுக்க முடியாது. கீழே கருத்து எழுதுகிற ஆட்கள் அந்தப் பொலிஸ்காரரை விட அவவையே அதிகம் நோகடித்ததைப் பார்த்திருக்கிறேன். கடதாசி வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு, சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு, முகம் காட்டாமல் செய்யலாம். முதல் வழியாக வேண்டாம்.

## உங்கள் நிலை எது?

ஓரிரு அழைப்போடு நிற்கிறது என்றால் தடுத்துவிட்டு, கொப்பியில் திகதியை எழுதி வையுங்கள். இருபதாம் நாள் திரும்பிப் பாருங்கள். அதற்குள் திரும்பவும் தொடங்கியிருந்தால் கடிதம் போகட்டும்.

வீட்டுக்கோ கடைக்கோ வரத் தொடங்கிவிட்டார் என்றால் மூன்று கடிதம், ஒரே நாளில்: மனித உரிமைகள் ஆணைக்குழு, ஏ.எஸ்.பி அல்லது டீ.ஐ.ஜி, பொலிஸ் ஆணைக்குழு. ஓ.ஐ.சியைச் சந்திக்க விருப்பமென்றால் கடிதம் போன மறுநாள் போங்கள், முதல் நாள் இல்லை.

எதையாவது கேட்கிறார் என்றால் 1954. போனில் வெருட்டுகிறார் என்றால் ஒலிப்பதிவை அழிக்காமல், வேறு போனுக்கு மாற்றி மட்டும் வைக்காமல், அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டப்படி ஒலிப்பதிவைச் சான்றாகக் காட்டலாம், ஆனால் வழக்கு விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் மற்றப் பக்கத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதைச் சட்டத்தரணிக்கு ஞாபகப்படுத்துங்கள்.

பழைய வழக்கு, புனர்வாழ்வு, வெளிநாட்டில் சகோதரம் என்று அவர் பிடித்து வைத்திருக்கிற கயிறு ஏதாவது இருந்தால் ஊருக்குள் பேசவே வேண்டாம். நேரே சட்டத்தரணி, நேரே மனித உரிமைகள் ஆணைக்குழு.

கடைசியாக, அடிக்கடி வருகிற ஒரு கேள்வி. அவர் மாற்றலாகிப் போய்விட்டார், இனி முறைப்பாட்டை விடலாமா? தங்கச்சியும் இதைத்தான் கேட்டா. கடிதம் போய் மூன்றாம் கிழமை அவரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். விடவேண்டாம் என்றேன். அவவின் நம்பர் அவர் போனில் இன்னும் இருக்கிறது. வவுனியாவுக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது காலை ஐந்தரை பஸ்ஸுக்கு நின்றோம். சீ.ஆர். கொப்பியை ஒரு சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தா. மகளுக்குக் கணக்குப் பாடத்துக்கு வேறு கொப்பி வாங்கிக் கொடுத்திட்டன் என்றா.